கோழிக்கூட்டுக்கு இடம்

நமது சங்கங்களுக்கு வரும் கடன் மனுக்களில் கோழி வளர்ப்புக்கெனக் கேட்கும் மனுக்கள் சில ஆண்டுகளாகக் கூடி வருகின்றன. 2019-ஆம் ஆண்டில் உழவர் கடன் அட்டை வசதி ஆடு, மாடு, கோழி, மீன் வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டது இதற்கு ஒரு காரணம். தறியின் வருமானம் மாதத்திற்கு மாதம் ஏறி இறங்குவதும், வாழையும் நெல்லும் ஆண்டுக்கு இரு முறையே கையில் பணம் தருவதும் மற்றொரு காரணம். வாரந்தோறும் நாலு காசு தரக்கூடியது முட்டை ஒன்றே என்பதை நம் இல்லத்தரசியர் நன்கு அறிவர்.

அந்த மனுக்களை நான் பரிசீலிக்கும்போதெல்லாம் ஒரு குறை கண்ணில் படுகிறது. எத்தனை குஞ்சுகள், என்ன இனம், கம்பிவலை எத்தனை அடி, தீவனம் எத்தனை மூட்டை என்பவையெல்லாம் அதில் இருக்கும். கூடு எந்த இடத்தில் அமையப் போகிறது என்ற கேள்வி இராது. கேட்பவரும் கேட்பதில்லை, சொல்பவரும் சொல்வதில்லை. அரசுத் திட்டங்களிலும் குஞ்சு கிடைக்கிறது, கூண்டும் கிடைப்பதுண்டு. கூண்டை வைக்கும் இடத்தைப் பற்றிய பேச்சைக் காண்பது அரிது. கோழிக் கடன் தவணை தவறும்போது சங்கப் பதிவேட்டில் ‘நோயினால் இழப்பு’ என்று ஒரு வரியில் காரணம் எழுதப்படுகிறது. அவ்வாறு எழுதப்பட்ட வீடுகளுக்கு நேரில் சென்று பார்த்தால், அந்நோய்க்கு விதை தூவியது கூடு அமைந்த இடம்தான் என்பதைப் பெரும்பாலும் காணலாம். ஆகவே, குஞ்சுக்குக் கடன் தருமுன் இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இடம் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகிறது? வேறெதற்கும் உதவாத மூலை எதுவோ, அதுவே கோழிக்கு என்று ஒதுக்கப்படுகிறது. கழிவறையின் பின்புறம், சாக்கடை திரும்பும் முனை, வைக்கோற்படப்பின் மறைவு, பலாமரத்தின் அடி ஆகியவையே நம் வீடுகளில் கோழிக்குக் கிட்டும் பட்டா நிலங்கள். கூட்டுக்கு நல்ல பலகையும் புதுத் தகரமும் வாங்கச் செலவிடும் அங்கத்தினர், இடத்தை மட்டும் எஞ்சியதிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். பலகை பழுதானால் மாற்றலாம். ஈரமூலையில் வைத்த கூட்டில் எவ்வளவு உயர்ந்த இனக் கோழியை விட்டாலும் ஐப்பசி தாண்டுவது கடினம்.

இவ்விஷயத்தில் நமது மாவட்டத்திற்குப் பழமையான அனுபவம் உண்டு. திருவிதாங்கூர் ஆட்சியின் கீழ் நாம் இருந்த 1920-களிலேயே, ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தைச் சேர்ந்த ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் கிராம சீரமைப்பு நிலையம் ஒன்றை நிறுவி, தேனீ வளர்ப்பு, கோழி வளர்ப்பு முதலிய வீட்டுத் தொழில்களைப் பரப்பினார். முட்டைகளைச் சேர்த்து விற்பதற்குக் கூட்டுறவு அமைப்பும் அங்கே உருவாயிற்று. தேன் கூட்டுறவு நிலைத்தது. இன்றும் மார்த்தாண்டத்துத் தேன் என்றால் ஊரறியும். முட்டைக்கு அவ்வாறு ஒரு பெயர் நிலைக்கவில்லை. அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆயினும் முட்டையைக் கூட்டாக விற்க எண்ணும் எந்தச் சங்கமும் மறக்கலாகாத ஒன்றுண்டு. ஈரத் தரையில் வளரும் கோழியின் முட்டை அழுக்காக வரும். அழுக்கைக் கழுவினால் ஓட்டின் மேலுள்ள இயற்கையான மெழுகுப்படலம் போய்விடும்; நுண்துளைகள் வழியே கிருமி உட்புகுந்து முட்டை விரைவில் கெடும். ஒரு வீட்டின் பத்து முட்டை கெட்டால் சங்கத்தின் நூறு முட்டைக்கும் பெயர் கெடும். ஆக, அங்கத்தினர் வீட்டுப் புறக்கடையில் கூடு எங்கே இருக்கிறது என்பது அவருடைய சொந்த விஷயம் மட்டுமன்று.

இனி இடத்தைப் பற்றிப் பார்ப்போம். முதலில் தண்ணீர்.

தமிழ்நாட்டில் இரு பருவமழையையும் நன்கு பெறும் மாவட்டம் நம்முடையது. இடவப்பாதியில் தென்மேற்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. கோழி குளிரையும் வெயிலையும் ஓரளவு பொறுக்கும். காலடி ஈரத்தைப் பொறுக்காது. இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் முட்டைகள் எச்சத்தோடு வெளிவந்து, வெதுவெதுப்பான ஈரக் கூளத்தில் ஓரிரு நாட்களில் தொற்றும் நிலையை அடைகின்றன. உலர்ந்த கூளத்தில் அவை அவ்வாறு எளிதில் முதிர்வதில்லை. இளங்குஞ்சுகள் ஒரு வாரத்தில் கொத்தாக மடிவதன் மர்மம் பெரும்பாலும் இதுவே. ஈர எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா நெடி கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிப்பது இன்னொரு தீங்கு. ஆதலால் மனையில் உயர்ந்த இடம் எதுவோ, அங்கேதான் கூட்டைப் பற்றிய எண்ணம் தொடங்க வேண்டும்.

உயர்ந்த இடம் எது என்பதைச் சித்திரையில் நின்று பார்த்துச் சொல்ல முடியாது. 2021 நவம்பரில் நம் மாவட்டத்தில் பெய்த பெருமழையின் நீர்க்கறை பல வீட்டுச் சுவர்களில் இன்னமும் மங்கலாகத் தெரிகிறது. அந்தக் கறையைத் தேடிப் பாருங்கள். கறை இல்லாத வீட்டில், மழை நின்ற மறுநாள் காலையில் புறக்கடையைச் சுற்றி வந்து, எங்கே கால் புதைகிறது, எங்கே பாசி படர்ந்திருக்கிறது என்று பாருங்கள். பாசி பொய் சொல்லாது. மழைக்காலம் அல்லவெனில், தெரிந்தெடுத்த இடத்தில் மாலையில் நாலு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு விடியலில் போய் மண்ணை மிதித்துப் பார்க்கலாம். கடலோரத்து மணற்பாங்கிலும், விளைகளின் சரல் மண்ணிலும் நீர் உடனே இறங்கிவிடும். வயலை ஒட்டிய களிமண்ணில் தங்கிவிடும். அத்தகைய மனையில் இரண்டடி உயரத்துக்குக் கால் நாட்டி, அதன் மேல் இடைவெளியிட்ட பட்டியல் தளம் அமைத்துக் கூட்டை வைப்பதே வழி. கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் ரப்பர் மரங்களின் நடுவே குடியிருப்போருக்கும் இதையே சொல்வேன். அங்கே மழையும் மிகுதி. நிழல் அடர்ந்திருப்பதால் தரை உலர்வதற்கு வெயிலும் கிடையாது.

அடுத்து வெயில். கோழிப்பண்ணை நூல்கள் பல குளிர்நாட்டில் எழுதப்பட்டவை, அல்லது அவற்றைப் பார்த்து எழுதப்பட்டவை. கூட்டின் முகம் தெற்கு நோக்கி இருக்கட்டும், குளிர்கால வெயில் உள்ளே விழட்டும் என்று அவை கூறும். நமக்கு அது பொருந்தாது. நம் மாவட்டம் வட அட்சரேகை 8 பாகையை ஒட்டிக் கிடக்கிறது. சித்திரைப் பிறப்பை ஒட்டிச் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வருகிறான். அதன் பின் ஆவணி நடுப்பகுதி வரை நண்பகலில் நமக்கு வடக்கேதான் நிற்கிறான். வீட்டின் வடபுறம் எப்போதும் நிழல் என்று நம்பி அங்கே கூட்டை வைத்தவர், வைகாசி ஆனியில் உச்சிவெயில் வடபுறத்திலேயே விழுவதைக் காண்பார். மார்கழியில் அவன் தெற்கே 30 பாகைக்குச் சற்று மேல் சாய்கிறான். ஆகவே எந்த ஒரு பக்கத்துச் சுவரின் நிழலையும் ஆண்டு முழுவதற்கும் நம்புவதற்கில்லை.

நமக்குரிய முறை இது: கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். காலை, மாலைச் சாய்வெயில் குறுகிய பக்கங்களில் மட்டுமே விழும். அந்த இரண்டையும் பலகையாலோ ஓலையாலோ அடைத்துவிடலாம். நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கி வலையிட்டுத் திறந்திருக்கலாம். கூரை இரு பக்கமும் மூன்றடியாவது நீண்டு தாழட்டும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது; வாய் திறந்து இளைத்துத்தான் உடற்சூட்டைத் தணிக்கிறது. நம் ஊரில் வேலூர் வெயில் இல்லை. ஆனால் காற்றில் ஈரப்பதம் மிகுதி. ஈரக் காற்றில் இளைப்பும் பயன் தருவதில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு அந்த இடத்தில் பத்து நிமிடம் நாமே உட்கார்ந்து பார்ப்பது எந்த வெப்பமானியையும் விட மேலானது.

மரநிழல் நல்லது என்பதில் ஐயமில்லை. எந்த மரம் என்பதில்தான் கவனம் தேவை. முருங்கை, அகத்தி, வேம்பு போன்றவற்றின் நிழல் வெயிலை வடிகட்டித் தரும், தரையும் உலரும். பலா, அயினி இவற்றின் அடியில் கோடையில் சுகமாயிருக்கும், மழை விட்ட பின்னும் மூன்று நாள் சொட்டிக்கொண்டிருக்கும். காய்க்கிற தென்னையின் நேரடியே வைக்கவே வேண்டாம். நெற்றோ மட்டையோ விழுந்தால் கூரை போகும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் தோப்புகளை என்ன செய்தது என்பதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள்.

காற்றைப் பற்றித் தோவாளை வட்டத்தாருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே ஆனி, ஆடியில் வீசும் மேல்காற்று முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. கோழிக்கூட்டின் தகரத்தையும் தூக்கிச் செல்லும். அப்பக்கத்தில் வீட்டுச் சுவரோ அடர்ந்த வேலியோ மேற்கே காப்பாக இருக்கும் இடமே உசிதம். மேற்குத் தாலுகாக்களில் காற்றின் வேகத்தைவிடச் சாரலே தொல்லை. ஐப்பசியில் வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும் மழைக்கு வடபுறத்தில் சாக்குத் திரை கட்டிச் சுருட்டி விடும்படி வைத்துக்கொள்ளலாம். காற்று இல்லாத இடமும் ஆகாது. நான்கு புறமும் அடைத்த மூலையில் நெடி தேங்கும். ஒரு முழம் கழிவு நூலைக் குச்சியில் கட்டி, எண்ணிய இடத்தில் கோழி அடையும் உயரத்தில் நட்டு வைத்து, ஒரு நாள் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். நூல் அசையவேயில்லை என்றால் வேறு இடம் தேடுக. ஓயாமல் நீட்டி நின்று ஆடினாலும் வேறு இடமே தேடுக. நெசவாளர் வீட்டில் இதற்கு நூல் விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

நெசவாளரைச் சொன்னதும் அவர்களுக்கே உரிய சங்கடங்கள் நினைவுக்கு வருகின்றன. வடசேரி, கோட்டாறு, இரணியல் போன்ற இடங்களின் பழைய நெசவாளர் தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. முன்னே தெரு, அடுத்துத் தறிக்கூடம், பின்னே அடுக்களை, அதன் பின் ஒடுங்கிய நீளமான புறக்கடை. அந்தப் புறக்கடையில்தான் சாயமிட்ட சிட்டங்கள் மூங்கிற்கழியில் உலரும். சாயத்தொட்டியின் கழிவுநீரும் அங்கேதான் ஓடும். கஞ்சி போட்ட பாவைக் கண்டால் கோழி சும்மா இராது. சோற்றுக் கஞ்சியின் மணத்துக்கு அது கொத்த வரும். பறந்து கழியின் மேல் ஏறி உட்கார்ந்து எச்சமிட்டால், கரை படிந்த சிட்டத்தைச் சங்கம் ஏற்காது. ஒரு வார முட்டையின் விலை ஒரு சிட்டத்துக்கு ஈடாகாது.

நான் பார்த்த ஒரு வீட்டில் தறிக்கூடத்தின் பின்சுவரோடு சேர்த்துக் கூடு கட்டியிருந்தார்கள். ஒரு பக்கச் சுவர் மிச்சமாயிற்று என்பதே காரணம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. இரண்டு மாதத்தில் செள் சுவர்வழியே தறிக்குழிக்குள் இறங்கியது. குழியில் காலை விட்டு உட்கார்ந்து நாள் முழுதும் மிதிப்பவருக்கு அதன் பொருள் என்னவென்று நெசவாளர் அறிவர். முழங்கால் வரை தடிப்பும் சொறியும் கண்டு, நாலு நாள் தறி நின்றது. கூட்டிலிருந்து கிளம்பிய தூசியும் பஞ்சுச் சிறகும் வெள்ளைப் பாவில் படிந்தன. கடைசியில் கோழிகளைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார்கள். கடனின் எஞ்சிய தவணைகளை நெசவுக் கூலியிலிருந்துதான் கட்டினார்கள். அதே தெருவில், அதே அளவு புறக்கடையுள்ள மற்றொரு வீட்டில் ஆறு கோழிகள் எந்தத் தொல்லையுமின்றி வளர்கின்றன. அங்கே கூடு கடைக்கோடி மதிலருகே, தறிக்கூடத்திலிருந்து இருபது அடிக்கு அப்பால் இருக்கிறது. பாவுக் கஞ்சியில் எஞ்சுவதைத் தவிட்டில் பிசைந்து அங்கேயே வைத்துவிடுகிறார்கள். சாயநீர் செல்லும் ஓடையைப் பலகையால் மூடியிருக்கிறார்கள். சாயம், காரம், சலவைத்தூள் கலந்த நீரைத் தாகத்தில் குடிக்கும் கோழி பிழைப்பது அரிது. ஆகையால் நெசவாளர் வீட்டில் முதலில் விலக்க வேண்டிய இடம் சாயத்தொட்டியின் கீழ்ச்சரிவு.

விவசாயிகளின் மனை விசாலமானது; அதனாலேயே வேறு வகைத் தவறுகள். வயலோரத்தில் இடம் தாராளம் என்று வீட்டிலிருந்து ஒரு பர்லாங் தூரத்தில் கூடு கட்டுவோர் உண்டு. பகலில் கீரி வரும், பருந்து வட்டமிடும். இரவில் மரநாய் வரும். கோழி கத்துவது யார் காதில் விழும்? வைக்கோற்படப்பும் விறகுக் குவியலும் எலிக்குக் குடியிருப்பு. எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு தானே வரும். கீரிக்கும் அங்கேதான் மறைவு. கூட்டுக்கும் படப்புக்கும் இடையே பதினைந்தடி வெற்றிடம் இருப்பது நல்லது. நாற்றங்கால் பக்கத்தில் கோழியைத் திறந்துவிட்டால் அயலாரோடு தீராப் பகை. பூச்சிமருந்து தெளித்த வயலில் மேய விட்டாலோ கோழியே தீரும். எருக்குழிக்கு அருகில் மேய்ச்சல் இடம் அமைவதில் மட்டும் ஒரு லாபமுண்டு. தென்னையின் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு எருக்குழியில்தான் முட்டையிடுகிறது. அதன் புழுக்களைக் கோழிகள் கிளறித் தின்றுவிடும். தென்னந்தோப்பு உடையவர்கள், இரண்டு பேர் தூக்கி நகர்த்தக்கூடிய அடித்தளமில்லாத வலைக்கூட்டைச் செய்து மரவரிசைகளின் நடுவே நாள்தோறும் இடம் மாற்றலாம். தோப்புக்கு உரம், கோழிக்குப் புதுத் தரை, இடத் தேர்வு என்ற தலைவலியே பாதி குறைந்துவிடும்.

கிணற்றைப் பற்றி ஒரு சொல். பத்துக் கோழிகள் நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்குக் குறையாமல் எச்சமிடும். நிலத்தடி நீர் மேலாக நிற்கும் நம் ஊரில் அது மழையோடு கிணற்றுக்கு இறங்க நாளாகாது. ஐம்பது அடி தள்ளி, கிணற்றைவிடத் தாழ்ந்த சரிவில் கூடு இருப்பது நலம். குளங்களைப் பற்றியும் அப்படியே. சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் நீர்நிலைகள் 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. தொலைதூரப் பறவைகள் வந்து தங்கும் இடங்கள் என்பது நமக்குப் பெருமையே. ஆனால் காட்டு நீர்ப்பறவைகள் வழியே பறவைக் காய்ச்சல் வளர்ப்புப் பறவைகளுக்குத் தொற்றக்கூடும். அண்டை மாநிலத்தின் ஆலப்புழை மாவட்டம் 2014, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் அதனால் பட்ட துன்பம் நாளேடுகளில் வந்ததே. குளக்கரையை ஒட்டி வீடுள்ளவர்கள் கோழி குளத்துக்கு இறங்காதபடி வேலியின் உட்புறமே மேய்ச்சலிடத்தை அமைக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பின் ஒரு அங்கத்தினர் கேட்கக்கூடும்: “ஐயா, எனக்கிருப்பது மூன்று சென்ட். அதில் வீடு போக எஞ்சியதில் கிணறும் கழிவறையும் இருக்கின்றன. உயர்ந்த இடம், ஐம்பது அடி, இருபது அடி என்றால் நான் எங்கே போவேன்?” நியாயமான கேள்வி. 2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் வாழ்கிறார்கள். அப்போது சென்னைக்கு அடுத்து நெருக்கம் மிகுந்த மாவட்டம் இதுவே. இருப்பினும் இடச்சுருக்கத்திற்கு விடை, கண்டபடி வைப்பது ஆகாது, எண்ணிக்கையைக் குறைப்பதே. பகலில் திரிந்து இரவில் அடையும் நாட்டுக்கோழிக்குக் கூட்டினுள் ஒரு சதுர அடி போதும். முழு நேரமும் அடைத்து வைத்தால் கூளத்தளத்தில் இரண்டு சதுர அடியும், வெளியே உலாவப் பத்துச் சதுர அடியாவதும் வேண்டும். இதை வைத்து அவரவர் மனையை அளந்து பார்க்கலாம். மூன்று சென்டில் ஐந்து கோழிக்கு மேல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கூட்டைக் கால் நாட்டி உயர்த்தி, அடியில் விழும் எச்சத்தை அன்றன்றே அள்ளிச் சாம்பல் தூவி மூடிவைத்தால் தூரக்குறைவின் தீமை பெரிதும் குறையும். இருபது கோழிக்கு மனுச் செய்தவருக்கு ஐந்து கோழிக்குக் கடன் தருவது அவரை அவமதிப்பதன்று. தரமறுப்பது வேறு, மனைக்கேற்பத் தருவது வேறு.

இடத்தை யார் தேர்ந்தெடுப்பது? இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. கூட்டைக் கட்டுபவர் ஆடவர். கோழியைப் பேணுபவர் பெரும்பாலும் பெண்டிர். விடியலில் திறப்பதும், தண்ணீர் வைப்பதும், முட்டை எடுப்பதும், அந்தியில் எண்ணி அடைப்பதும் அவர்கள் வேலை. வெயில் நாளில் பத்துக் கோழிக்கு மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் வேண்டும், அதுவும் இரு முறை மாற்றியாக வேண்டும். நான் சென்ற ஒரு கிராமத்தில் நேர்த்தியான கூடு ஒன்று தோப்பின் மறுகோடியில் இருந்தது. தண்ணீர்க் கலம் உலர்ந்து கிடந்தது. வீட்டு அம்மையாரிடம் கேட்டேன். “கூடு வைத்தவர் அவர், சார், தண்ணீர் சுமப்பவள் நான். ஒரு நாளைக்கு எத்தனை நடை நடப்பேன்?” என்றார். அதற்கு மேல் நான் கேட்க ஒன்றுமில்லை. வேறொரு வீட்டில் மூதாட்டி ஒருவர் பாத்திரம் துலக்கும் இடத்திலிருந்து பத்தடியில், எந்நேரமும் தம் கண்ணில் படும்படி, கூட்டை வைக்கச் செய்திருந்தார். எந்த நூலையும் அவர் பார்த்ததில்லை. பருந்தின் நிழல் விழுந்தால் முதலில் அறிபவர் அவர். ஒரு கோழி சுருண்டு நின்றால் அன்றே பிரித்து வைப்பவரும் அவரே. நாற்றம் அடுக்களைக்கு வராதா என்றேன். “நாற்றம் வந்தால்தான் கூட்டிப் பெருக்க நினைவு வரும்” என்றார். முழுவதும் ஒப்ப முடியாவிட்டாலும் பாதி உண்மை அதில் இருக்கிறது.

ஆகவே நம் சங்கங்களின் நிர்வாகக் குழுவினர்க்கு ஒரு யோசனை. கோழிக் கடன் மனுவோடு அரைத்தாள் ஒன்று சேர்க்கப்படட்டும். மனையின் கோட்டு வரைபடம் ஒன்று, கையால் போட்டால் போதும். வீடு, கிணறு, கழிவறை, சாக்கடை, படப்பு, தறிக்கூடம், அயலாரின் சன்னல், பெரிய மரங்கள், அவற்றிடையே கூடும் மேய்ச்சலிடமும். வடக்கு எப்பக்கம் என்று ஓர் அம்புக்குறி. கோழியைப் பராமரிக்கப் போகிறவரின் கையொப்பம் அதில் இருக்க வேண்டும். கடன் வாங்குபவரின் கையொப்பம் மட்டும் போதாது. குழு உறுப்பினர் ஒருவர் அந்த இடத்தை நேரில் பார்த்துத் தேதியிட்டு எழுதட்டும். பார்க்க வருபவர் இடத்தைத் தாமே நிர்ணயிக்கலாகாது. என்னைப் போன்ற ஆய்வாளர்களுக்கும் இது பொருந்தும். அரைமணி நேரம் நிற்பவனுக்கு அந்த மனையின் ஆண்டு முழுவதும் தெரியாது. கேள்வி கேட்பதே அவர் வேலை.

இதனால் கடன் தாமதமாகும், காகிதம் பெருகும் என்று ஆட்சேபம் வருமென அறிவேன். சங்கங்களில் காகிதம் மிகுதி என்பதை நான் மறுப்பதற்கில்லை. ஆனால் குஞ்சு எங்கிருந்து வாங்கினார் என்பதற்கு ரசீது கேட்கும் நாம், அக்குஞ்சு உயிரோடிருக்கப் போகும் இடத்தைப் பற்றி அரைத்தாள் கேட்பது மிகையா? தவணை தவறிய பின் அனுப்பும் அறிவிப்புகளுக்குச் செலவாகும் தாள்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வேறொரு ஆட்சேபம், இடம் எவ்வளவு நன்றாயினும் வெள்ளைக் கழிச்சல் வந்தால் எல்லாம் போகும் என்பது. உண்மை; அந்நோய்க்கு மருந்தில்லை, தடுப்பூசி ஒன்றே காப்பு. கால்நடைப் பராமரிப்புத் துறையின் தடுப்பூசி முகாம்களை விடலாகாது. தடுப்பூசியின் பலன் நலமுள்ள பறவையிலேயே முழுமையாகப் பற்றும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். ஈரத்தில் நின்று சோர்ந்த கோழிக்கு ஊசி பாதிக் காப்பே தரும். ஐயமுள்ளவர்கள் திருப்பதிசாரத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாரையோ, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ அணுகி மனைப்படத்தைக் காட்டிக் கேட்கலாம்.

ஏற்கெனவே தவறான மூலையில் கூடு வைத்திருப்போர் மனம் தளர வேண்டியதில்லை. கும்பப்பூ அறுவடை முடிந்து, வைக்கோல் மலிந்து, தரையும் உலர்ந்திருக்கும் மாசி, பங்குனி மாதங்கள் கூட்டை மாற்ற ஏற்றவை. இடவப்பாதிக்குள் புதுத் தரை இறுகிவிடும். பழைய இடத்தின் மேல்மண்ணை நாலு விரற்கடை ஆழம் வெட்டி எடுத்து வாழைக்கோ தென்னைக்கோ இட்டு, அங்கே சுண்ணாம்பு தூவி வெயிலில் காய விடவும். கோழிகளை இருட்டிய பின் தூக்கிச் சென்று புதுக்கூட்டில் அடைத்து, ஒரு வாரம் வெளியே விடாமல் உள்ளேயே தீனியும் தண்ணீரும் வைக்கவும். அதற்கு முன் திறந்துவிட்டால், அந்தியில் அவை பழைய மூலையையே தேடிப் போய் நிற்கும்.